பச்சைப் பட்டும் குதிரைக் காதும்: ஒரு சிவகாசி அச்சகம் பற்றி

அச்சகத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். "யாராச்சும் கேட்டா நேர்ல சொல்லுங்க டீச்சர். எழுதிப் போட்டீங்கன்னா பத்து காப்பி அடிக்கணும், இருபது காப்பி அடிக்கணும்னு போனா வரும்" என்றார். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகிற ஆஃப்செட்காரருக்குப் பத்துப் பிரதி கேட்டு வரும் போன் என்ன பாடு என்று எனக்கும் இப்போது தெரியும். அதனால் பெயர் இல்லை. சிவகாசிப் பக்கம், நான்கு கலர் மிஷின் ஒன்று, இரண்டு கலர் மிஷின் ஒன்று, பைண்டிங்கும் அங்கேயே. இவ்வளவு போதும்.

நான் மதுரையில் ஓவிய ஆசிரியை. சித்திரைத் திருவிழா பற்றி என் தோழி ஒரு குழந்தைக் கதை எழுதினாள். அப்பா தோளில் உட்கார்ந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிற ஒரு சின்னப்பெண். கூட்டத்தில் அவளுக்குக் குடை தெரிகிறது, தீவட்டி தெரிகிறது, யாரோ ஒருவரின் தலைப்பாகை தெரிகிறது, கடைசியில் தங்கக்குதிரையின் ஒரு காது தெரிகிறது. அவ்வளவுதான் கதை. 32 பக்கம், ஆயிரம் பிரதி, இருவர் கைக்காசு. படங்கள் எல்லாம் வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் கலந்து தாளில் வரைந்தவை. கம்ப்யூட்டரில் வரைந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரச்சினை எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

வரைய எட்டு மாதம் ஆனது. ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் வைகை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கிறுக்கிய நோட்டு மட்டுமே மூன்று. திருவிழாவை வரைவதில் ஒரு சங்கடம், படம் பார்க்கிற பாதிப் பேருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர் கையில் நான் ஏதோ ஒரு தோல் பையை வரைந்து வைத்திருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இது என்னடி, ஸ்கூல் பேக்கா?" என்று கேட்டார். அது தோப்பறை, ஆட்டுத்தோலில் செய்தது. உடம்பு உப்பி இருக்கும், கழுத்துப் பக்கம் சுருங்கி ஒரு சின்னக் குழாயில் முடியும், ஆள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அமுக்குவார். அதை மறுபடி வரைந்தேன். சர்க்கரைச் சொம்பு வாழை இலையால் மூடியிருக்க வேண்டும், அதன் மேல் சூடம் எரிய வேண்டும் என்பதை மட்டும் யாரும் திருத்தவில்லை. அது நானே தூக்கிக்கொண்டு நின்றது.

சரி, அச்சகத்துக்கு வருவோம்.

முதலில் மதுரையிலேயே ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில் மாதிரிப் பிரதி ஒன்று எடுத்தோம். டம்மி பார்ப்பதற்கு அது சரி. ஆனால் அழகரின் பச்சைப் பட்டு கறிவேப்பிலைச் சட்னி நிறத்தில் வந்தது. மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்பதைத்தான் ஊரே பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பது நம்பிக்கை. புத்தகத்தில் அந்தப் பச்சை செத்துப் போனால் கதையே செத்த மாதிரி. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, வரைந்த அசல் படங்களை மடியில் வைத்துக்கொண்டு சிவகாசிக்குப் போனேன்.

அங்கே முதலில் பிடித்தது, அசல் படங்களை வாங்கிப் பார்த்தார்கள். இதற்கு முன் இரண்டு இடத்தில் கேட்டபோது "பைல் இருக்குல்ல, மெயில் பண்ணிருங்க" என்பதோடு முடிந்துவிட்டது. இங்கே டிசைனிங் அறையில் இருந்த தம்பி படத்தை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தான், உள்ளே வந்து டியூப் லைட்டில் பார்த்தான், அப்புறம்தான் திரையில் இருந்த ஸ்கேனைப் பார்த்தான். "இந்தப் பச்சை நாலு கலர்ல இப்படியே வராதுக்கா" என்று நேராகச் சொன்னான். வராது என்று சொல்கிற அச்சகத்தை நம்பலாம். எல்லாம் வரும் என்று சொல்கிறவர்களிடம்தான் பயம்.

ஏன் வராது என்பதை அவன் எனக்குக் காட்டிய விதத்தில் நானும் காட்டுகிறேன். நான்கு கலர் அச்சில் பச்சை என்று தனி மை கிடையாது. சியான் என்கிற நீலமும் மஞ்சளும் சேர்ந்துதான் பச்சை. நான் வரைந்த பச்சையில் நிழல் வேண்டும் என்று கொஞ்சம் செம்மண் நிறத்தையும் தொட்டிருந்தேன். ஸ்கேனர் அதை மஜெந்தா, அதாவது ரோஸ் சிவப்பு, என்று எடுத்துக்கொண்டது. பச்சையில் மஜெந்தா கலந்தால் உடனே அழுக்கு. பட்டு இருக்கிற இடத்தில் மட்டும் மஜெந்தாவை அவன் துடைத்து எடுத்தான், கறுப்பையும் குறைத்தான். மடிப்பின் நிழலை சியானை ஏற்றியே கொண்டுவந்தான். திரையிலேயே பட்டு ஈரம் பட்ட மாதிரி எழுந்து வந்தது. இதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

மிஷின் ஓடிய அன்று காலை ஒன்பது மணிக்கு நான் அங்கே இருந்தேன். பக்கத்தில் நின்று பார்க்க விடுவார்களா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மிஷின்மேன் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முப்பது வருஷமாக மை பார்க்கிற கண். முதல் ஐம்பது அறுபது தாள் வேஸ்ட் போனது, ரெஜிஸ்டர் உட்காரும் வரை, அதாவது நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழும் வரை, அப்படித்தான். அப்புறம் ஒரு தாளை உருவி மேஜையில் விரித்து, லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

லூப்பில் நான் முதலில் பார்த்தது கண்டாங்கியை. அழகர்மலையிலிருந்து கிளம்பும்போது அழகர் கள்ளர் வேடத்தில்தான் வருவார். கண்டாங்கி, கொண்டை, கையில் வளைதடி. அந்தக் கண்டாங்கியின் கட்டத்தை நான் பூஜ்ய நம்பர் பிரஷ்ஷில் கோடு கோடாக இழுத்திருந்தேன். நான்கு கலரில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும். தெரியவில்லை. ஒரு கோடுகூடப் பிளக்கவில்லை. இந்த ஊரின் வறண்ட காற்றில் தாள் அதிகம் இழுக்காது, மையும் சீக்கிரம் காயும் என்பார்கள். அதில் எவ்வளவு காற்று, எவ்வளவு அண்ணன் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

பச்சைதான் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று பட்டது. "மஞ்சள் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்றேன். ஏற்றினார். பட்டு நன்றாக வந்தது. ஆனால் தாளில் அந்தப் பக்கத்துக்கு நேர் கீழே நீர்மோர்ப் பந்தல் பக்கம் இருந்தது. அங்கே மோர் ஊற்றுகிற பாட்டி, வாங்கிக் குடிக்கிற பையன்கள், எல்லார் முகமும் மஞ்சளாகிவிட்டது. "டீச்சர், இதுக்கு மேல ஏத்துனா மூஞ்சிக்கெல்லாம் மஞ்சக்காமாலை வந்துரும்" என்றார். மை விடுகிற சாவி தாளின் அகலத்தில் பட்டை பட்டையாகத்தான் பிரிந்திருக்கிறது. தாள் ஓடுகிற திசையில் மேலே இருக்கிற படத்துக்கு மை கூட்டினால், அதே பட்டையில் கீழே இருப்பதற்கும் சேர்ந்தே கூடும். பதினாறு பக்கம் ஒரே தாளில் போகும்போது எந்தப் பக்கத்துக்கு எந்தப் பக்கம் அக்கம்பக்கம் என்பதை நான் வரையும்போதே யோசித்திருக்க வேண்டும். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. கடைசியில் பாட்டி முகம் கெடாத அளவில் நிறுத்தினோம். பச்சை என் அசலில் இருந்ததில் முக்கால் பங்கு. அந்த முக்கால் பங்கும் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததால் வந்தது என்றே நினைக்கிறேன்.

தங்கத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அண்ணாச்சிக்கு, அதாவது முதலாளிக்கு, குதிரைக்குத் தங்க மை போட வேண்டும் என்று ஆசை. "அஞ்சாவது கலரா கோல்டு போட்டுருவோம், காலண்டர்ல சாமி நகைக்குப் போடுற மாதிரி ஜொலிக்கும்" என்றார். தப்பில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்து வளர்ந்த ஊர் இது, ஜொலிப்பது இவர்களுக்குக் கைவந்த தொழில். கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் இங்கே காலண்டராக அச்சேறித்தான் நம் எல்லார் வீட்டுச் சுவருக்கும் வந்தன. நானே சின்ன வயதில் அந்த முருகனைப் பார்த்துப் பார்த்துத்தான் விரல் பழகினேன். ஆனால் என் புத்தகத்துப் பெண் குதிரையைப் பார்ப்பது விடியற்காலை, தீவட்டி வெளிச்சத்தில், கூட்டத்தின் இடுக்கு வழியாக. அந்த வெளிச்சத்தில் தங்கம் தங்கமாகத் தெரியாது. ஒரு பக்கம் மஞ்சளாக எரியும், மறுபக்கம் புளியங்கொட்டை நிறத்தில் இருட்டும். அப்படித்தான் வரைந்திருந்தேன். அதன் மேல் கோல்டு மை ஏறினால் இருட்டுப் பக்கமும் சேர்ந்து மினுங்கும். வேண்டாம் என்றேன். அண்ணாச்சி விடவில்லை, மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஆனால் கோல்டு போட்டிருந்தால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு நிஜமாகவே குதிரை ஜொலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி குறைகள்.

இரவுப் பக்கம் ஒன்று உண்டு. தல்லாகுளத்தில் விடியக் காத்திருக்கிற கூட்டம், அடர்ந்த நீல இருட்டு, அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி: "இன்னும் விடியவில்லை." அந்த இருட்டு சியான், மஜெந்தா, கறுப்பு மூன்றும் சேர்ந்தது. ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு, அதுதான் பிளேட். வெள்ளை எழுத்து என்றால் அந்த மூன்று பிளேட்டிலும் எழுத்து இருக்கிற இடம் காலியாக இருக்க வேண்டும், மூன்று காலியும் அச்சுப் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். தமிழ் எழுத்தில் இது எவ்வளவு தொல்லை என்பதை ஐகாரத்தைப் பார்த்தால் தெரியும். 'லை' என்பதில் இரட்டைச் சுழி, சுழிக்குள் ஊசி முனை அளவு ஓட்டை. முதல் புரூஃபில் அந்த ஓட்டைகள் அடைந்துபோய் இரண்டு மிளகு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எழுத்தை ஒரு சுற்றுத் தடிமனாக்கி, இரண்டு பாயிண்ட் பெரிதாக்கினார்கள். இப்போது படிக்க முடிகிறது. ஆனாலும் சில பிரதிகளில் எழுத்தைச் சுற்றி மெல்லிய ரோஸ் விளிம்பு தெரிகிறது. புரூஃபுக்கு முன்பே இதை அவர்கள் சொல்லியிருக்கலாம். பச்சையைப் பார்த்ததும் வாய் திறந்த தம்பி, எழுத்தைப் பார்த்து ஏன் சும்மா இருந்தான் என்று தெரியவில்லை.

பெரிய குறை பைண்டிங்கில். நடுவில் பின் அடிக்கிற புத்தகம். தாள் 170 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர். இப்படித் தடித்த தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மடித்தால் உள்பக்கங்கள் வெளியே பிதுங்கும். அப்புறம் கட்டிங்கில் மூன்று பக்கமும் நேராக வெட்டும்போது, நடுப்பக்கங்கள் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இழக்கும். 17ஆம் பக்கம் சரியாக நடுவில் வருகிறது. குதிரையின் காது முதல்முறை தெரிவதும் அதே 17ஆம் பக்கத்தில், வலது ஓரத்தில். கூட்டத்துக்கு அப்பால் ஒரு நுனி மட்டும்.

என்ன நடந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்த கட்டுகளைப் பிரித்துப் புரட்டியபோது ஒரு கட்டில் காது இல்லை. கட்டிங்கில் ஒரு அடுக்கு சற்றுக் கோணலாகப் போயிருக்கிறது, 80 பிரதிகளில் காது நுனி சீவப்பட்டிருக்கிறது. கதை முழுக்க எதைப் பார்க்கப் போகிறோமோ அதையே காணோம். சின்னப்பெண் ஆவென்று வாயைப் பிளந்து வெறும் தாள் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாதித் தப்பு என்னுடையது. ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டரில் காதை வைத்திருந்தேன். படத்துக்கு அழகு, கத்திக்கு விருந்து. ஓரத்தில் எட்டு பத்து மில்லிமீட்டராவது முக்கியமான எதையும் வைக்காமல் விட வேண்டும். இதை அப்புறம் சொன்னார்கள். முன்னாலேயே ஒரு வெள்ளைத்தாள் டம்மியை அதே தாளில் மடித்து, வெட்டிக் காட்டியிருந்தால் நானே பார்த்திருப்பேன். படப்புத்தகம் அடிக்கப் போகிறவர்கள் அந்த டம்மியைக் கேட்டு வாங்குங்கள், தானாகக் கொடுக்க மாட்டார்கள். போன் செய்து சொன்னதும் அண்ணாச்சி சண்டை போடவில்லை, 80 பிரதிக்கான காசைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். மறுபடி அடித்துத் தர முடியாது, மிஷின் வேறு வேலைக்குப் போய்விட்டது என்றார். அது நியாயம்தான், ஆனால் எண்பது கம்மி கம்மிதான். காது போன பிரதிகளை நான் ஆறாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். ஓரத்தில் மேல்தாள் ஒட்டிக் காது வரைந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு கழுதைக் காது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். கிரவுன் கால் சைஸ், 20-க்கு 30 அங்குலத் தாளில் ஒரு ஃபாரத்துக்கு, அதாவது ஒரு தாளின் இருபுறமும் சேர்த்து, 16 பக்கம், ஆக இரண்டு ஃபாரம். பிளேட் உள்பக்கத்துக்கு 16, அட்டைக்கு 4. அட்டைக்கு மேட் லேமினேஷன். எல்லாம் சேர்ந்து, லாரி வாடகை நீங்கலாக, எங்களுக்குப் பிரதிக்கு 42 ரூபாய் சொச்சம் வந்தது. மதுரையில் சொன்ன விலையைவிடக் குறைவு. பாதி முன்பணம், மீதி டெலிவரியில். சொன்ன நாளில் இருந்து ஐந்து நாள் தாமதம், ஆனால் திருவிழாவுக்கு முன்னால் வந்துவிட்டது. 32 பக்கத்துக்குப் பதில் 36 என்று யாராவது ஆசைப்பட்டால் வேண்டாம், நான்கு பக்கத்துக்காகத் தனியாக மிஷின் ஏற்ற வேண்டியிருக்கும். இதை அவர்களே முதல் நாள் சொல்லி, என் தோழி கூடுதலாக நினைத்த இரண்டு பக்கத்தின் செலவை மிச்சப்படுத்தினார்கள். அவள் 'வெட்டினார்கள்' என்கிறாள்.

போவதானால் மாசி, பங்குனியில் போங்கள். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஊரே அந்த வேலையில் இறங்கிவிடும், அப்புறம் டிசம்பர் வரை உங்கள் 32 பக்கத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஸ்டூலும் கிடைக்காது. அசல் படங்களைக் கொண்டு போங்கள், பென் டிரைவ் மட்டும் போதாது.

பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் என்பதால் ஐந்து நட்சத்திரமெல்லாம் எனக்குச் சரிப்படாது. நூற்றுக்கு 78. பச்சைக்கும் கண்டாங்கிக்கும் முழு மதிப்பெண், காதுக்குப் பதினைந்து கழித்தேன், மீதி அந்த வெள்ளை எழுத்துக்கு.

அந்த எழுத்து இன்னொரு விதத்திலும் கழுத்தை அறுக்கிறது. மற்ற பக்கங்களில் எழுத்தெல்லாம் கறுப்பு பிளேட்டில் மட்டும் இருக்கிறது. நாளைக்கு இதே புத்தகத்தைத் தெலுங்கிலோ மலையாளத்திலோ போட வேண்டுமென்றால் கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும், படத்தின் மற்ற மூன்று பிளேட்டும் அப்படியே ஓடும். பல மொழியில் படப்புத்தகம் போடுகிறவர்கள் இப்படித்தான் செலவைக் குறைக்கிறார்கள். ஆனால் "இன்னும் விடியவில்லை" என்ற அந்த ஒரு வரி சியானிலும் மஜெந்தாவிலும் சேர்ந்து குடைந்து கிடக்கிறது. அந்த ஒரு வரிக்காக அந்தப் பக்கத்தின் சியான், மஜெந்தா பிளேட்டுகளையும் மாற்ற வேண்டும். டிசைனிங் தம்பி இதை என்னிடம் சொன்னது, எல்லாம் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது.

அந்தப் பக்கத்தை இப்போது மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். எப்படியும் அது சித்ரா பௌர்ணமி ராத்திரி. நிலாவைத் தாம்பாளம் அளவுக்குப் பெரிதாக்கி, நடுவில் கறுப்பில் அந்த வரி. ஓரத்திலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி.